கிழட்டு நாய் படியேற மறுக்கிறதா? “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள்!

ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீட்டுப் பிராணிகளை வாட்டும் மூட்டுவலி

ஓசூர்:

கேட்டைத் திறந்தால் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்த நாய், இப்போது படுத்த இடத்தில் இருந்தே வாலை மட்டும் ஆட்டுகிறது.

இரண்டு படி ஏற யோசிக்கிறது. எழுந்தால் பின்னங்கால் இழுத்துக்கொள்கிறது. நாலு எட்டு நடந்த பிறகுதான் ஒருவாறு சரியாகிறது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

“அதுக்கும் வயசாயிடுச்சு இல்ல? அப்படித்தான் இருக்கும், விடுங்க!”

இந்த ஒரு பேச்சால்தான் பல வாயில்லா ஜீவன்கள் வருஷக்கணக்கில் வலியோடு கிடக்கின்றன.

வயது நோய் அல்ல. மூட்டுத் தேய்மானம்தான் நோய். அதை அடியோடு போக்க முடியாது என்பது உண்மை. ஆனால் வலியைக் குறைக்கலாம். நடக்க வைக்கலாம். இன்னும் சில வருஷங்களை நிம்மதியாகக் கழிக்க வைக்கலாம்.

பேரிங்கும் கிரீஸும்

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

எலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. நடுவே பசை மாதிரி ஒரு திரவம். வயதாக வயதாக, குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டு வீங்குகிறது. அசைத்தால் வலி.

கிரீஸ் வற்றிய பேரிங் என்ன பாடுபடும் என்பதைச் சிப்காட் தொழிலாளிக்குச் சொல்லித் தரவேண்டியது இல்லை. அதே கதைதான்.

அல்சேஷியன், லாப்ரடார் போன்ற பெரிய ஜாதி நாய்களுக்கு இடுப்பு மூட்டு வளரும் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமல் போவது உண்டு. பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு இடம் விலகும். இவற்றுக்கெல்லாம் தேய்மானம் சீக்கிரமே தொடங்கிவிடும். பெரிய நாய்க்கு ஏழு வயது ஆனாலே முதுமைக் கணக்கு ஆரம்பம்.

பூனையும் தப்பவில்லை. அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம்! 2002-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பூனை நொண்டாது. கத்தாது. மதில்மேல் தாவுவதை மெல்ல நிறுத்திவிடும். அவ்வளவுதான். “பூனை சாதுவாயிடுச்சு” என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

இதுதான் அடையாளம்

காலையில் எழும்போது உடம்பு விறைத்திருக்கும். நடந்தால் சரியாகும்.

ஸ்கூட்டரின் கால் பலகையில் தானாக ஏறி நின்ற நாய், இப்போது தூக்கி வைக்கச் சொல்லிப் பார்க்கும்.

ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பின்தொடை சதை இளைக்கும். மலம் கழிக்கக் குந்த முடியாமல் தடுமாறும்.

குழந்தைகளோடு விளையாடிய நாய், இடுப்பில் கை வைத்தால் உறுமும். அது கோபம் அல்ல, வலி! அதற்காக அடிக்காதீர்கள்.

நகத்தையும் பாருங்கள். நடை குறைந்தால் நகம் தேயாது. நகம் நீண்டால் பாதம் சரியாகப் பதியாது. நடை இன்னும் குறையும்.

வழுக்கும் கிரானைட்

கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம். அடுத்தது கிரானைட். வீட்டைக் கட்டியவர்கள் ஆசை ஆசையாகப் பளபளக்கும் கல்லையோ டைல்ஸையோ பதிக்கிறார்கள்.

மனிதனுக்கு அழகு. கிழட்டு நாய்க்கு அது ஆபத்து!

பின்னங்காலில் வலுவில்லாத நாய் அந்தத் தரையில் எழ முயன்றால், கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொள்ளும். ஒருமுறை வழுக்கி விழுந்த நாய், பயத்தில் எழுவதையே குறைத்துக்கொள்ளும். படுத்தே கிடந்தால் சதை கரையும். சதை கரைந்தால் மூட்டின் மேல் பாரம் கூடும்.

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு வேண்டாம். நாய் படுக்கும் இடத்தில் இருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை, பழைய ஜமுக்காளத்தையோ ரப்பர் விரிப்பையோ போட்டால் போதும். விரிப்பு நகராமல் இருக்க வேண்டும். படியில் ஒரு பலகையைச் சாய்த்து, அதன்மேல் சாக்கை ஆணியடித்து விடுங்கள். ஆணித் தலை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் தரையில் படுக்க விடாதீர்கள். தடிமனான மெத்தை வேண்டும். முழங்கை தரையில் பட்டுப் பட்டுப் புண்ணாவதும் இதனால் நிற்கும்.

ஐந்து மணி நடை வேண்டாம்

ஓசூர் ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் துளைக்கும். விறைத்த மூட்டு அப்போது இன்னும் விறைக்கும்.

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கம்பெனி பஸ் வருவதற்குள் ஐந்து மணிக்கே நாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வாரம் பூராவும் இப்படி அரைகுறை நடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்த்து வைத்து ஐந்து கிலோ மீட்டர்!

இரண்டுமே தப்பு.

வெயில் ஏறியபின் வீட்டில் இருக்கிற யாராவது பத்துப் பதினைந்து நிமிஷம் நடத்தலாம். சாயங்காலம் இன்னொரு பத்து நிமிஷம். தினமும் ஒரே அளவு. மண் தரை நல்லது. தார் ரோடு, அதுவும் லாரி பறக்கும் ரோடு வேண்டாம். நாய் நின்றால் நாமும் நிற்க வேண்டும். இழுக்கக்கூடாது.

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, நம் கை பொறுக்கிற சூட்டில் மூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். பிறகு ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

நீச்சலும் மூட்டுக்கு நல்ல பயிற்சிதான். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். அதற்காகக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் கூட்டிப் போய்விடாதீர்கள்! பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளைச் சுமந்து வரும் தென்பெண்ணை அங்கே நுரை பொங்கி நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது.

பாசமா, பாரமா?

“நம்ம டாமி ஒருவாய் அதிகமா சாப்பிட்டா என்ன?”

இருக்கிறது! கிழட்டு மூட்டுக்கு முதல் எதிரி எடை.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு, மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி. குறைவாகத் தின்றவை சராசரியாக 13 வயது வரை வாழ்ந்தன. மற்றவை 11 வயதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான். குறைவாகத் தின்றவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் பல வருஷம் தள்ளியே வந்தது.

வாசலைத் தாண்டாத நாய்க்குக் காலையில் பன், மதியம் களி, ராத்திரி மிச்சம் மீதி, நடுவில் பிஸ்கட் என்று போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? கேழ்வரகுக் களி கெட்டது அல்ல. அளவுதான் கெடுக்கிறது.

விலாவில் கையை வைத்துப் பாருங்கள். லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அமுக்கித் தேட வேண்டியிருந்தால், தீனியைக் குறைக்க வேண்டும்.

குட்டியாக இருக்கும்போதே கால்சியம் டானிக்கை ஊற்றி வளர்ப்பதும் ஆபத்து. பெரிய ஜாதிக் குட்டிக்கு மிதமிஞ்சிய கால்சியம், எலும்பையும் மூட்டையும் கோணலாக்கும்.

மாத்திரைப் பெட்டியைத் தொடாதீர்கள்!

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

“எனக்கு மூட்டுவலிக்குக் கொடுத்த மாத்திரைதான். பாதி உடைச்சுப் போட்டேன்” என்பார்கள்.

போட்டால் ஆள் காலி!

ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும். சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டைக்ளோஃபினாக்கின் இன்னொரு கதையும் உண்டு. வலி தீர மாட்டுக்குப் போட்டார்கள். அந்த மாடு செத்ததும் பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. 2006-ல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். ஒரு ஜீவனுக்கு மருந்து, இன்னொன்றுக்கு நஞ்சு!

நாய்க்கென்று தனி வலி மருந்துகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை செய்து, ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்து, கால்நடை டாக்டர்தான் எழுதித் தரவேண்டும். மீன் எண்ணெய் ஓரளவு பலன் தருவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. குளுக்கோசமைன் பொடி, மாத்திரை விஷயத்தில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. விளம்பரத்தைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பயத்தில் நாய் நொண்டுவதை மறந்துவிடும். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே காலையில் அது எழுவதையும், படி ஏறுவதையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நொண்டுவதெல்லாம் தேய்மானம் அல்ல. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வீங்கி நாய் நொண்டும். அதற்கு மருந்து வேறு. முழங்கால் நரம்பு அறுந்திருக்கலாம். எலும்பில் கட்டி இருக்கலாம். திடீரென்று நொண்டினாலோ, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லையோர ஊர் என்பதில் ஒரு சௌகரியம் உண்டு. ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம். பெங்களூர் ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் நாமக்கல்லில் ஒன்று. உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெரிய சிகிச்சைக்கு அங்கே போகலாம். கால்நடை அவசர உதவிக்கு இரண்டு மாநிலத்திலும் எண் 1962.

ரோட்டில் விட்டால் குற்றம்

நடக்க முடியாத நாயை வண்டியில் ஏற்றி, நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிட்டு வருகிற கல்நெஞ்சக்காரர்களும் இருக்கிறார்கள்.

நாலு காலும் நன்றாக உள்ள நாயே அந்த ரோட்டைத் தாண்டத் திணறும். மூட்டு மடங்காத கிழட்டு நாய் எங்கே போகும்?

பட்டினியும் தாகமும் வாட்டும்படி பிராணியைக் கைவிடுவது, 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். குட்டைச் சங்கிலியில் மணிக்கணக்காகக் கட்டிப்போடுவதும் குற்றம்தான். ஆனால் முதல் தடவை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை! ஒரு டீ, வடைக் காசு!

சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. வீட்டில் உள்ளவர்களின் மனசுதான் காக்க வேண்டும்.

வீட்டுக்காரர் நைட் ஷிப்டுக்குப் போன ராத்திரிகளில் பெண்டு பிள்ளைகளுக்குக் காவலாக வாசலில் கிடந்தது அந்த நாய்தான். அது கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வழுக்காத ஒரு சாக்கு, அளவான சோறு, வருஷத்துக்கு இரண்டு தடவை டாக்டர், தினமும் பத்து நிமிஷம் கூட நடக்க ஓர் ஆள்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்கள் நாய் எப்படி எழுந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்!