ஓநாய்த் தோல் போர்த்திய ஏழை வீரர்கள்

பழைய ரோமாபுரியில் பட்டாளத்தில் சேருகிறவன், வாளும் கேடயமும் தன் செலவிலேயே வாங்க வேண்டும். பணக்காரன் குதிரையோடு வந்தான். ஓரளவு வசதி உள்ளவன் கவசம் பூட்டிக்கொண்டு வந்தான். ஏழை வீட்டுப் பையன் என்ன செய்வான்?

அவனையும் விடவில்லை. கவசம் இல்லாமலே போர்க்களத்துக்கு அழைத்துப் போனார்கள். அதுவும் கடைசி வரிசைக்கு அல்ல. எல்லோருக்கும் முன்னால்!

இந்த வீரர்களுக்கு லத்தீன் மொழியில் "வேலிட்டீஸ்" என்று பெயர். நம்முடைய வேலுக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது என்னவோ வேல்தான்!

கி.மு. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பாலிபியஸ் என்ற கிரேக்க ஆசிரியர் இவர்களைப் பற்றி விவரமாக எழுதி இருக்கிறார். 4,200 காலாள் வீரர்கள் கொண்ட படையில் 1,200 பேர் இவர்கள். இருப்பதிலேயே இளையவர்கள், இருப்பதிலேயே ஏழைகள்.

வளையும் வேல்

ஒரு வாள், 3 அடி அகலமுள்ள வட்டக் கேடயம், சில எறிவேல்கள். இவ்வளவுதான் ஆயுதம். வேலின் காம்பு விரல் பருமன் இருக்கும். முனை ஒரு சாண் நீளம். அதை மிகவும் மெல்லியதாக அடித்திருப்பார்கள். எதிரி மீது பட்டதும் அது வளைந்துவிடும். வளைந்த வேலை எதிரி எடுத்துத் திருப்பி எறிய முடியாது அல்லவா? அதுதான் தந்திரம்!

இவர்கள் முன்னால் ஓடி வேல்களை எறிவார்கள். பிறகு, பின்னால் நிற்கும் படைகளின் இடைவெளியில் புகுந்து திரும்பிவிடுவார்கள். அதன் பிறகுதான் பெரிய சண்டை.

இவர்களுக்கு முன்பு இதே வேலையைச் செய்தவர்களுக்கு "ரோராரி" என்று பெயர். பனித்துளியைக் குறிக்கும் சொல்லில் இருந்து அது பிறந்ததாம். மழைக்கு முன் தூறல் விழுவது போல, போருக்கு முன் இவர்கள் என்று வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் விளக்கம் சொன்னார்.

தோல் எதற்கு?

தலையில் சாதாரணத் தொப்பி. அதன் மேல் சிலர் ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொள்வார்கள். எதிரியைப் பயமுறுத்தவா? இல்லை. தலைக்குப் பாதுகாப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், தூரத்தில் நிற்கும் தலைவர்களின் கண்ணில் படவேண்டும் என்பது. யார் துணிந்து நின்றான், யார் பின்வாங்கினான் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்படிப்பட்ட சிறு சண்டையில் எதிரியைக் காயப்படுத்திய வீரனுக்கு ஒரு ஈட்டி பரிசு. எதிரியைக் கொன்று ஆயுதத்தைப் பறித்தால் ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்காகவே உயிரைப் பணயம் வைத்தவர்கள் உண்டு.

யானைப் படை

கி.மு. 202-ல் ஆப்பிரிக்காவில் ஸாமா என்ற இடத்தில் பெரும் போர் நடந்தது. கார்த்தேஜ் தளபதி ஹானிபால் 80-க்கு மேற்பட்ட யானைகளை நிறுத்தி இருந்தார். ரோமத் தளபதி ஸிபியோ தன் படையில் நேர் நேராகச் சந்துகள் விட்டார். அந்தச் சந்துகளில் இந்த ஏழைப் பையன்களை நிறுத்தினார். "முதலில் நீங்கள் மோதுங்கள். தாங்க முடியாவிட்டால் சந்து வழியாகப் பின்னால் ஓடுங்கள்" என்பது உத்தரவு.

யானைகள் பாய்ந்தன. பையன்களில் பலர் மிதிபட்டார்கள். மற்றவர்கள் சந்துக்குள் ஓட, யானைகளும் அதே வழியில் ஓடின. ரோமப் படை சிதறவில்லை. அன்று ரோம் வென்றது.

கி.மு. 107-ல் மாரியஸ் என்ற தலைவர், சொத்தே இல்லாதவர்களையும் படையில் சேர்த்தார். அதற்குப் பிறகு வேலிட்டீஸ் என்ற பெயர் மெல்ல மறைந்தது. முன்னால் ஓடி வேல் எறியும் வேலை வெளிநாட்டு வீரர்கள் கைக்குப் போயிற்று.