காலடியில் இளகும் மணல்

ஒரு கட்டடம் உறுதியாய் நிற்பதற்கு வேண்டியவை யாவை என வினவினால், நல்ல கல், நல்ல சீமெந்து, நல்ல இரும்பு, கைதேர்ந்த மேசன் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அத்திவாரத்தையும் ஓரிருவர் சேர்த்துக்கொள்வர். அந்த அத்திவாரத்தை எது தாங்குகின்றது என்னும் வினா மட்டும் எளிதில் எழுவதில்லை. நிலம் என்ற சொல்லிலேயே நிலைத்தல் என்னும் பொருள் ஒலிக்கின்றது. ஆகவே அது நிற்கும் என்று நம்பி, அதன்மேல் நிற்பவற்றைப் பற்றியே மனிதன் கவலை கொண்டான்.

1964ஆம் ஆண்டு யூன் மாதம் 16ஆந் திகதி, பிற்பகல் ஒரு மணியளவில், யப்பானின் மேற்குக் கரையிலுள்ள நீகாத்தா நகரில் அந்நம்பிக்கை பொய்த்தது. கடலடியிலே தோன்றிய 7.5 அளவான பூமியதிர்ச்சி ஒன்று நகரைக் குலுக்கிற்று. யப்பானியருக்குப் பூமியதிர்ச்சி புதியதன்று. 1923இல் தோக்கியோவையும் யோக்கொகாமாவையும் பாழாக்கிய பேரதிர்ச்சியை அடுத்து, கட்டடமொன்று தன் நிறையில் பத்திலொரு பங்கினை ஒத்த பக்கவிசையைத் தாங்கவேண்டுமென 1924ஆம் ஆண்டிலேயே விதி வகுத்த நாடு அது. பின்னர் அவ்வளவும் உயர்த்தப்பட்டது. நீகாத்தாவில் கவாகிசி என்னும் பகுதியில் வரிசையாக எழுந்திருந்த நான்கு மாடிக் குடியிருப்புக்கள் அத்தகைய விதிகளை அறிந்த பொறியியலாளரால், இரும்பு இட்டு வலுவூட்டிய கொங்கிறீற்றினாற் கட்டப்பட்டவை.

அக்கட்டடங்கள் இடியவில்லை, சாய்ந்தன. சில சற்றே சாய்ந்தன. சில பெரிதும் சாய்ந்தன. ஒன்று முற்றாகவே மல்லாந்து, தன் முதுகை நிலத்திற் பதித்துக் கிடந்தது. வியப்பு யாதெனில், சுவர்கள் பெரும்பாலும் வெடிக்கவில்லை என்பதே. உள்ளிருந்தோர் சாளரங்களின் வழியே வெளிவந்து, சற்று முன்வரை செங்குத்தாய் நின்ற புறச்சுவரின்மேல் நடந்து இறங்கினர். அதிர்ச்சியில் இறந்தோர் தொகை நாற்பதுக்குங் குறைவு. அத்தகைய நகரொன்றில் அத்தகைய அதிர்ச்சிக்கு அது சிறு தொகையே. சாய்ந்த கட்டடங்களிற் சில பின்னர் நிமிர்த்தப்பட்டு, அடியில் முளைகள் இறக்கப்பட்டு, மீண்டுங் குடியிருப்புக்களாயின.

கட்டியவர் தம் பணியைக் குறைவறச் செய்திருந்தனர். குறை கட்டடத்திலன்று, அதனைத் தாங்கிய மணலில் இருந்தது. உலர்ந்த மணலாயின் அது தாங்கியிருக்கும். ஈரமணலாய், அதுவும் நெருக்கமின்றி இளக்கமாய் இருந்தமையாலேயே அது கைவிட்டது. இதன் காரணத்தை அறிதற்கு அடுக்களையை விட்டு வெளியே செல்லவேண்டியதில்லை.

கொத்திலே அரிசி அளப்பதை யாவரும் கண்டிருப்பர். அரிசியை மெல்லச் சொரிந்து நிரப்பிய கொத்தைப் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி கீழே தாழும். மேலும் ஒரு பிடி கொள்ளும். அளந்து வாங்குவோர் தட்டச் சொல்வதும், அளந்து விற்போர் தட்டத் தயங்குவதும் இதனாலேயே. மணிகளிடையே வெறுமையான இடங்கள் இருந்தன. குலுக்கியபோது மணிகள் அவ்விடங்களிற் சரிந்து நெருங்கின. இளமணலும் இவ்வாறே குலுக்கினால் நெருங்க முயலும்.

அவ்வெறுமையான இடங்களிலே காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்திருக்குமாயின், மணிகள் நெருங்குதற்கு முன் நீர் வெளியேறவேண்டும். மணலின் நுண்ணிய வழிகளூடாக நீர் வெளியேறுதற்குச் சிறிது நேரம் வேண்டும். பூமியதிர்ச்சியோ அந்நேரத்தை அளிப்பதில்லை; ஒரு குலுக்கல் முடியுமுன் மறுகுலுக்கல் வந்துவிடுகின்றது. மணிகள் கீழே தாழ முயல்கின்றன. நீருக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே நீரின் அமுக்கம் ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறுகின்றது. இறுதியில் மேலுள்ள மண்ணின் பாரம் முழுவதையும் நீரே ஏற்றுக்கொள்ளும் நிலை வருகின்றது. மணி மணியைத் தொட்டு அழுத்தாதபோது அவற்றிடையே உராய்வு இல்லை. உராய்வின்றேல் மணலுக்கு வலிமையும் இல்லை. அக்கணத்தில் அது மணல் கலந்த நீர்போலவே நடந்துகொள்ளும். இதனைப் பொறியியலாளர் மண் திரவமாதல் என்பர்.

மண்ணின் வலிமை அதன்மேலுள்ள மொத்தப் பாரத்தைச் சார்ந்ததன்று. அப்பாரத்தில் நீர் தாங்கும் பங்கைக் கழித்தபின் மணிகள் தாங்கும் எஞ்சிய பங்கையே சார்ந்தது. எளிதாகத் தோன்றும் இக்கழித்தற் கணக்கே மண்பொறியியலின் அடிப்படை. இதனை நிலைநாட்டியவர் பிராக் நகரிற் பிறந்த கார்ல் தெர்சாகி என்பார். துருக்கியிலே ஆசிரியராயிருந்த காலத்தில் எளிய கருவிகளைக்கொண்டு களிமண்ணை ஆராய்ந்து, 1925இல் தம் நூலை வெளியிட்டார். நீகாத்தா அதிர்வதற்கு முந்திய ஆண்டிலே அவர் காலமானார். அவருடைய கணக்கு ஒரு நகரளவிற் காட்சியாக நிகழ்ந்ததை அவர் காணவில்லை.

கடற்கரையில் அலை மீண்ட ஈரமணலில் நின்று, இரு கால்களையும் விரைவாக அசைக்கும் சிறுவர்கள் இதே ஆராய்ச்சியைத் தம்மையறியாது செய்கின்றனர். உறுதியாயிருந்த மணல் இளகுகின்றது, நீர் மேலே பளபளக்கின்றது, கணுக்கால்வரை புதைகின்றது. அசைவை நிறுத்திச் சற்று நின்றால் மணல் மீண்டும் இறுகிக் காலைப் பற்றிக்கொள்ளும்.

நீகாத்தாவிலும் அதுவே நடந்தது. நிலத்தில் ஆங்காங்கே வெடிப்புக்கள் தோன்றி, அவற்றினூடே மணலும் நீரும் சேறாய்ப் பொங்கி எழுந்தன. பாரமான கட்டடங்கள் அமிழ்ந்தன. நிலத்தடியிற் புதைத்திருந்த வெற்றுத் தாங்கிகளோ, நீரில் விட்ட குடம்போல, மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்தன.

இவ்வளவிற்கும் அந்நகரில் நிலம் குலுங்கிய வேகம் மிகக் கடுமையானதன்று. கவாகிசிக் குடியிருப்புக்களுள் ஒன்றின் அடித்தளத்திலே நிலவசைவைப் பதியும் கருவி ஒன்று முன்னரே வைக்கப்பட்டிருந்தது. கட்டடம் சாய்ந்தபோதும் அது தன் கடமையை விடவில்லை. அது பதிந்த மிகக் கூடிய ஆர்முடுகல் புவியீர்ப்பின் ஏறக்குறைய ஆறிலொரு பங்கே. முதற் சில செக்கன்களுக்கு அக்கோடு விரைந்து நடுங்குகின்றது. பின்னர் திடீரென மந்தமாகி, தொட்டிலாடுவதுபோல் நீண்டு அசைகின்றது. அடியிலுள்ள மணல் திரவமான வேளை அதுவே. திரவத்தினூடே குறுக்கலைகள் செல்லமாட்டா. ஆகவே கீழிருந்து வந்த விரைந்த நடுக்கம் கட்டடத்தை எட்டவில்லை. சுவர்கள் வெடியாது தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமெனலாம். கட்டடத்தைச் சாய்த்த மண்ணே அதனை உடையாமற் காத்தது.

அன்றைய சேதங்களுள் உலகெங்கும் பேசப்பட்டவை இன்னும் இரண்டு. ஒன்று, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் தாங்கிகள் தீப்பற்றிப் பல நாள்கள் எரிந்தமை. மற்றொன்று, சினானோ ஆற்றின்மேற் கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த சோவாப் பாலம் வீழ்ந்தமை. அதே ஆற்றிலே 1929இல் எழுந்த பண்டாய் என்னும் பழைய பாலமோ நிலைத்து நின்றது. பழையவர் கைவண்ணமே சிறந்தது, புதியவர் அறியார் என்று சொல்லிவிடுதல் எளிது. அன்று பலர் சொல்லியும் இருப்பர். உண்மை அத்துணை எளிதன்று. பழைய பாலம் ஆழ இறக்கிய பருத்த கிணற்று அத்திவாரங்களில் நின்றது. புதியது மெல்லிய உருக்குக் குழாய் முளைகளின் ஒற்றை வரிசைகளில் நின்றது. முளைகள் பாரத்தைத் தாங்கவல்லவையே. ஆயினும், பக்கங்களில் மண் இறுகப் பிடித்திருக்கும் என எண்ணியே அவை நடப்பட்டன. மண் இளகியபோது அப்பிடி போயிற்று. கரைமண்ணும் ஆற்றை நோக்கி நகர்ந்தது. வலிய நடுக்கம் ஓய்ந்த பின்னரே பாலத்தின் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன எனக் கண்டோர் கூறினர். நகர்ந்த மண் எவ்வளவு பங்கு கொண்டது என்பது பற்றி அறிஞரிடையே வாதம் நெடுங்காலம் நடந்தது.

அவ்விடத்து மண் அவ்வாறு இளகியதற்கு விடை ஊரின் பெயரிலேயே இருந்தது. கவாகிசி என்றால் யப்பானிய மொழியில் ஆற்றங்கரை என்பது பொருள். சினானோ ஆறு முன்னர் மிக அகன்று ஓடியது. வெள்ளத்தைக் கடலுக்குத் திருப்பும் கால்வாய் ஒன்று மேற்புறத்தில் வெட்டப்பட்டு 1922இல் நீர் விடப்பட்டபின், நகரில் ஆறு ஒடுங்கிற்று. ஒடுங்கிய இடத்தை நிரப்பி மக்கள் குடியேறினர். ஆறு இட்ட மணலும் மனிதன் இட்ட மணலும் நெருக்கமற்றவை. அடியிலே நீரோ கைக்கெட்டும் ஆழத்தில். பழைய மணற்குன்றுகளின்மேல் இருந்த பகுதிகள் அதே அதிர்ச்சியில் அதிகம் பாதிக்கப்படவில்லை. ஆறு மறந்த இடத்தைத் தேசப்படம் மறந்தாலும் மணல் மறப்பதில்லை.

இந்நிகழ்ச்சி முன்னர் உலகில் நடவாததன்று. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி பிகார் மாகாணத்தையும் நேபாளத்தையும் உலுக்கிய அதிர்ச்சியில், கங்கைச் சமவெளியிலே ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர் நீளமான பட்டையொன்றில் வீடுகள் சாய்ந்து அமிழ்ந்தன. வயல்களை மணல் மூடியது. கிணறுகள் மணலால் நிரம்பின. இந்தியப் புவியியலாளர் அதனை நுணுகி எழுதியும் வைத்தனர். எனினும், சிறந்த கொங்கிறீற்றுக் கட்டடம் ஒன்று முழுதாய் மல்லாந்து கிடந்த நிழற்படத்தைக் கண்ட பின்னரே உலகப் பொறியியலாளர் விழித்தனர் என்பது சற்று வருத்தத்துக்குரியது. மண்வீடுகள் சொன்ன செய்தி அதுவரை செவியேறவில்லை.

விழித்தபின் அவர்கள் கேட்ட வினா செயலுக்குரியது: இன்ன மணல் இளகும், இன்ன மணல் இளகாது என்று கட்டுமுன் அறிவது எங்ஙனம்? அதற்கு உதவிய கருவி மிக எளியது. நிலத்தில் துளையிட்டு, அதன் அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோகிராம் நிறையுள்ள சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிடுவர். குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்குவதற்கு எத்தனை அடிகள் வேண்டின என எண்ணுவர். அடிகள் ஐந்தோ எட்டோ ஆயின் மணல் இளக்கமானது. ஆழத்துக்கேற்பத் திருத்திய எண் முப்பதைத் தாண்டினால் அது பொதுவாகத் திரவமாகாது. அமெரிக்காவிலே சீட், இதிரிசு என்னும் இருவர், அதிர்ச்சிக்குட்பட்ட இடங்களின் எண்களை ஒப்புநோக்கி, 1971இல் ஒரு கணக்குமுறையை வகுத்தனர். பலவாறு திருத்தப்பெற்று, இன்றும் உலகெங்கும் வழங்குவது அம்முறையே.

நோய் தெரிந்தபின் மருந்து வகுப்பது அரிதன்று, செலவே அரிது. மணலைக் கட்டுமுன்னரே குலுக்கி நெருக்கிவிடலாம். அதிரும் நீண்ட கோலொன்றை மணலினுள் இறக்குவர். அல்லது குழாய் வழியே மேலும் மணலைச் செலுத்தி இறுக்குவர். பூமியதிர்ச்சி செய்யவிருப்பதை மனிதன் முந்திக்கொண்டு, தன் வசதிப்படி செய்கின்றான் என்க. நீர் விரைவில் வெளியேறும்படி சரளைக்கல் நிரப்பிய துளைகள் அமைப்பது வேறொரு வழி. இளகும் படையைக் கடந்து உறுதியான படையில் ஊன்றும்படி முளைகளை இறக்குவது மற்றொன்று. அம்முளைகளும் பக்கத்தில் நகரும் மண்ணைத் தாங்கவேண்டும் என்பது சோவாப் பாலத்தாற் பெற்ற அறிவு.

இம்மருந்தின் பயன் 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி தெளிவாகக் காணப்பட்டது. அன்று வடகிழக்கு யப்பானில் எழுந்த பேரதிர்ச்சியில், தோக்கியோவை அடுத்துக் கடலை நிரப்பி எழுந்த உறாயாசு நகரில், வீதிகளும் வீடுகளும் பரவலாகச் சேற்றில் அமிழ்ந்தன. கழிவுநீர்க் குழிகள் வீதிக்கு மேலே தூண்போல் எழுந்து நின்றன. அதே நிரவல் நிலத்தில் அமைந்த பெருங் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், முன்னரே மணலை இறுக்கியிருந்த பகுதி தப்பியது. இறுக்காது விட்ட வாகனத் தரிப்பிடத்தில் மணல் பொங்கிற்று.

சிறு வீட்டுக்காரரின் நிலையே இரங்கத்தக்கது. பூங்காவுக்கும் பாலத்துக்கும் மணலை இறுக்கலாம். மூன்று அறை கொண்ட வீட்டுக்கு அச்செலவு தாங்காது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஏவன் ஆற்றங்கரை வீடுகள் மெல்லிய தளங்களின்மேல் நின்றன. 2010 செப்டெம்பர் 4ஆந் திகதி மணல் பொங்கியது. மக்கள் வாரியெடுத்துத் துப்புரவு செய்தனர். 2011 பெப்ரவரி 22ஆந் திகதி 185 பேரைப் பலிகொண்ட அதிர்ச்சியில் மீண்டும் பொங்கியது. அவ்வாண்டு யூனிலும் திசெம்பரிலும் மேலும் பொங்கியது. ஒருமுறை இளகிய மணல் இனி இறுகிவிடும் என்று எண்ணியோர் ஏமாந்தனர். கீழே சற்று நெருங்கினாலும், மேலெழும் நீர் மேற்படையைத் தளர்த்திவிடுகின்றது. மறுமுறைக்கு அதுவே போதும்.

இறுதியில், அந்நகரிலும் அயலிலும் ஏறத்தாழ எண்ணாயிரம் வீட்டுக்காணிகள் மீண்டும் கட்டத்தகாதவை எனத் தீர்மானிக்கப்பட்டன. அரசாங்கமே அவற்றுட் பெரும்பாலானவற்றை விலைகொடுத்து வாங்கிற்று. வீடுகள் அகற்றப்பட்டன, வேலிகள் அகற்றப்பட்டன. ஏவன் கரையோரத்தில் வீட்டுக்காரர் நட்ட பழமரங்கள் மட்டும் பலவிடங்களில் விடப்பட்டன. புல்வெளியினிடையே அவை நிற்கும் ஒழுங்கைக்கொண்டே, எங்கே ஒரு முற்றம் இருந்தது, எங்கே ஒரு வளவு முடிந்தது என்று அறியலாம்.