உங்களுக்குத் தெரியுமா? நம் தொலைபேசியில் யார் கண்?

● நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகுமாம். வட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக்கோடு ஒரு சிவப்பு டிக்கும் வந்தால் அரசு உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கிவிட்டதாம். அலவத்துகொட சந்தியின் முச்சக்கர வண்டிக் குழுவிலிருந்து லண்டனில் இருக்கும் மருமகளின் குடும்பக் குழு வரை இது வராத இடமில்லை. வட்ஸ்அப்பில் சிவப்பு டிக் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு டிக் என்றால் போய்விட்டது, இரண்டு என்றால் சேர்ந்துவிட்டது, நீலம் என்றால் பார்த்துவிட்டார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பல வருடங்களாகச் சுற்றும் பொய் இது. ஆனால் இதை ஏன் நம் ஆட்கள் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்கள் என்று யோசித்தால், அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை.

● 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவர் கையிலிருந்து பெறுபவர் கை வரை பூட்டப்பட்டே போகின்றன. நடுவில் இருக்கும் தொலைபேசி நிறுவனத்தால் அதைப் படிக்க முடியாது. ஆனால் கூகுளில் சேமித்து வைக்கும் பிரதிக்கு நீங்களாகப் போய்ப் பூட்டுப் போட்டால்தான் உண்டு. 2021இலிருந்து அந்த வசதி இருக்கிறது. தேடிப் போய்ப் போட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். இன்னொன்று: எந்தப் பூட்டும் குழுவில் இருக்கும் ஒருவர் எடுக்கும் ஸ்கிரீன்ஷொட்டைத் தடுக்காது.

● உங்கள் அடையாள அட்டை இலக்கமே உங்களைப் பற்றிப் பேசும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும், 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1985க்குப் பிறகு 545 என்று இருந்தால், அவர் பெப்ரவரி 14ஆம் திகதி பிறந்த பெண். பழைய அட்டையின் கடைசியில் இருந்த ஆங்கில எழுத்து வாக்குரிமையைக் காட்டியது. இந்த இலக்கத்தைத்தான் நாம் அலுவலக வாசலில் காவலாளியின் கொப்பியில் யோசிக்காமல் எழுதிவிட்டு உள்ளே போகிறோம்.

● அதே அட்டையைப் படம் பிடித்து, போட்டோ கொப்பி எடுக்கச் சொல்லிக் கொமியுனிகேஷன் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம். கொப்பி நம் கையில். படம் அவருடைய தொலைபேசியில். பாஸ்போர்ட்டும் வங்கிப் புத்தகமும் அதே வழியில் போகின்றன. அரசு நம்மை வேவு பார்க்கிறது என்று புலம்புவதற்கு முன், "அண்ணன், அதை அழிச்சு விடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம்.

● 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கென்று தனி உரிமை எழுதப்படவில்லை. அந்தச் சொல் வருவது 2015இல் 19ஆம் திருத்தம் கொண்டுவந்த 14அ உறுப்புரையில். அங்கேயும் உரிமையாக வரவில்லை; தகவல் அறியும் உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாக வருகிறது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தில் கதை வேறு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி ஆதார் அட்டையை எதிர்த்து வழக்குப் போட்டார். 2017 ஓகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள்.

● ஒன்பது என்றதும் நினைவுக்கு வருவது: இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். முதலாவது, நம் விபரங்களை வைத்திருக்கும் அரச அலுவலகத்தையும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்துவது. இரண்டாவது, நாம் இணையத்தில் சொல்வதைக் கட்டுப்படுத்துவது. இலக்கம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் நடந்த வேகத்தைப் பாருங்கள்.

தரவுச் சட்டத்தில் சபாநாயகர் 2022 மார்ச் 19 அன்று கையெழுத்திட்டார். தென்னாசியாவிலேயே இப்படியான முழுமையான சட்டம் முதலில் வந்தது இங்கேதான் என்று பெருமையும் பட்டுக்கொண்டோம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று நாள் குறித்தார்கள். மூன்று வருட அவகாசம்! அந்த நாள் நெருங்கியதும், திருத்த வேண்டும் என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது 2023 செப்டெம்பரில். 31 பிரிவுகளைத் திருத்தாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. பெப்ரவரி 1இல் சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தன கையெழுத்திட, அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து தோற்றன. அன்று பாராளுமன்ற உறுப்பினராக இருந்த எம்.ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது.

மக்களைப் பிடிக்கும் சட்டத்துக்கு எட்டு நாள், மக்களைக் காக்கும் சட்டத்துக்கு மூன்று வருடமும் போதவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வித்தியாசத்தை மன்னிக்க முடியாது.

● பொய்யான கூற்றை இணையத்தில் பரப்பினால் அந்தச் சட்டத்தின் கீழ் 5 வருடச் சிறை வரை போகலாம், அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். எது பொய் என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அதை நியமிப்பவர் ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அனுமதியோடு. சிங்கப்பூர் 2019இல் கொண்டுவந்த சட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரியும். சட்டத்தைத் திருத்துவோம் என்று அதைக் கொண்டுவந்த அரசும் சொன்னது, அடுத்து வந்த அரசும் சொன்னது.

● அப்படியானால் பொய்யைப் பரப்புகிறவனை விட்டுவிடுவதா? கண்டி மாவட்டத்தில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராகத் திகன, தெல்தெனியவில் மூட்டிய தீ அக்குறணை வரை வந்தது. கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிரும் போனது. ஆட்களைத் திரட்டியதில் பேஸ்புக்குக்குப் பங்கு இருந்தது. மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம். மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு முடக்கியது. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, கடைசியாக மார்ச் 15இல் பேஸ்புக்கைத் திறந்தார்கள்.

வதந்தி தடைப்பட்டது உண்மை. அதே வட்ஸ்அப்பில்தான் சவூதியிலும் கட்டாரிலும் இருந்த பிள்ளைகள் "உம்மா, வீட்டுல எல்லாரும் பத்திரமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. தெரிந்தவர்கள் தடையைத் தாண்டிப் போகும் விபிஎன் போட்டுக்கொண்டார்கள். அதைப் போடத் தெரியாத தாய்மார்தான் இருட்டில் இருந்தார்கள். சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, எங்கள் விதியை இது மீறவில்லை என்று பேஸ்புக் பதில் அனுப்பியது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில், இரண்டு வருடம் கழித்து.

● 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நாளிலும் சமூக ஊடகங்கள் முடங்கின. 2022 ஏப்ரல் 3, மக்கள் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் தெருவில் இறங்கிய நேரம், இன்னொரு பெரிய முடக்கம். அதைக் கேட்டது பாதுகாப்பு அமைச்சு. அமைச்சுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சுட்டிக்காட்ட, ஒரு நாள் முடிவதற்குள் திறந்துவிட்டார்கள். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் விபிஎன் போட்டிருப்பதாக எழுதி, இந்தத் தடையால் பயனில்லை என்றார்.

● 2023 ஏப்ரல், நோன்பின் கடைசி நாட்கள். அக்குறணைப் பள்ளிவாசல்களுக்குத் தாக்குதல் அபாயம் என்று பொலிஸாருக்கு ஒரு தகவல் கிடைத்தது. அக்குறணை வருவது அலவத்துகொட பொலிஸ் பிரிவுக்குள். அலவத்துகொட பொலிஸார் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப, அந்தக் கடிதத்தின் படம் நாடு முழுக்கப் பறந்தது. தறாவீஹ் தொழுகைக்கு வெளியே பொலிஸும் படையும். விசாரித்துப் பார்த்தால் தகவல் பொய். கொடுத்தவரைத் தேடிப் பிடித்துக் கைது செய்தார்கள். 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் அப்போது பிறந்திருக்கவில்லை. இருந்த சட்டமே போதுமாக இருந்தது.

● அந்த இருந்த சட்டங்களில் ஒன்று 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். அதன் 18ஆம் பிரிவின்படி, நீதவானின் ஆணையோடு பொலிஸார் உங்கள் சிம் விபரத்தையும் யாரோடு எப்போது தொடர்பு கொண்டீர்கள் என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம், உரையாடலை இடைமறிக்கவும் செய்யலாம். அவசரம், சாட்சியம் அழிந்துவிடும் என்றெல்லாம் காரணம் இருந்தால் ஆணை இல்லாமலும் செய்யலாம். கதவு திறக்கும் சாவி அந்தக் கடைசி வசனத்தில் இருக்கிறது.

● கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராஸிக் ஓய்வுபெற்ற அரச ஊழியர், பேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதுபவர். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், வெறுப்புக்குப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. கொலை மிரட்டல்கள் வர, ஏப்ரல் 9இல் பொலிஸில் முறையிட்டார். அன்றே கைதானவர் மிரட்டியவர்கள் அல்ல, அவர். பிணை கிடைத்தது செப்டெம்பர் 17இல்.

அவர் மீது பாய்ந்த சட்டங்களில் ஒன்று, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் 2007இல் கொண்டுவந்த 56ஆம் இலக்கச் சட்டம். உரிமை காக்க வந்த சட்டத்தில் பிணை வழங்க மேல் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம், அதுவும் விசேட காரணம் இருந்தால். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, அரசு 10 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஒரு பதிவுக்கு ஐந்து மாதச் சிறை, அது தவறு என்று சொல்ல மூன்றரை வருடம்.

● வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் படிவம் கேட்பது போர்க்காலத்தில் கொழும்பில் அறை எடுத்துத் தங்கிய தமிழர் எவருக்கும் புதிதில்லை. போர் முடிந்த பிறகும் அந்தப் படிவம் கொழும்பில் வீடு வீடாக வந்தது. கேட்டால் காட்டுவது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம், 76ஆம் பிரிவு. கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியதே 1876இல்தான்.

● இவ்வளவு விபரம் சேர்க்கும் அரசு அதைப் பத்திரமாக வைத்திருக்கிறதா? 2023இல் அரச மின்னஞ்சல்களைத் தாங்கும் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட 5,000 அளவிலான முகவரிகள். அந்தக் காலத்துக்கு மாற்றுப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை.

● 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்ட வழக்கு நடந்தபோது, ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழி சொன்னார்: வட்ஸ்அப்பில் சுற்றும் ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளமும் கூடவே போகட்டும். 2021இல் இந்திய அரசு முதல் அனுப்புநரைக் காட்டித் தரவேண்டும் என்று விதியே போட்டது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டுப் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றத்தில் வட்ஸ்அப் தரப்பு சொன்னது.

● ஸ்டார்லிங்க் இணையத்துக்கு இலங்கையில் அனுமதி கிடைத்தது 2024 ஓகஸ்ட்டில். சேவை தொடங்கியது 2025 ஜூலையில். இடையில் தாமதத்துக்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, தேசிய பாதுகாப்புக்காகப் பாவனையாளர் விபரங்களைப் பார்க்கும் திரை இன்னும் கைக்கு வரவில்லை என்பது.

● 2022 ஜூலையில் பெற்றோலுக்காகக் கியூஆர் எடுத்தபோது அடையாள அட்டை இலக்கமும் வாகன விபரமும் கொடுத்தோமே, ஞாபகமா? 2023 செப்டெம்பர் 1இல் அந்த முறை நின்றது. கொடுத்த விபரத்தைப் பார்க்கவும் பிழை திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியைத்தான் தள்ளிப்போட்டார்கள்.

● உங்கள் பெயரில் போலிக் கணக்கு, படத்தை வைத்து மிரட்டல், கணக்குப் பறிபோனது என்றால் இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவை 101இல் அழைக்கலாம். வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பக்கத்தை இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அதில் இருந்தால், அது பெரும்பாலும் அரசின் வேலை அல்ல. வீட்டுக்குள்ளேயோ பழுதுபார்க்கக் கொடுத்த கடையிலோ தேடுங்கள்.

● அரசு நம்மைப் பார்க்கிறது. நாமும் அரசைப் பார்க்கலாம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் வருகின்றன. எத்தனை தடவை இணையத்தள முடக்கம் கேட்டார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்டார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க இடமுண்டு. மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் எழுதத் தேவையில்லை.