உஷார்! மூன்று எலியில் தொடங்கி முந்நூறைத் தாண்டும் கணக்கு

ஒரகடம், வல்லம் வடகால், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் லைன் வீடுகளில் தங்கிக் கம்பெனிக்குப் போய்வரும் தம்பிகளுக்காக இதை அவசரமாக எழுதுகிறேன். வெள்ளை எலி வளர்த்தால் நல்ல சைடு இன்கம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். ஒரு ஆண், இரண்டு பெண், ஒரு பிளாஸ்டிக் டப், இரண்டு கை உமி போதும், குட்டிகளைப் பாம்பு வளர்ப்பவர்களுக்குத் தீனியாக விற்றுவிடலாம், முதலீடும் கிடையாது, வேலையும் கிடையாது என்பார்கள். ஒரு ஈற்றுக்கு எட்டுப் பத்து குட்டி என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

வெள்ளை எலி ஏதோ தனிச் சாதி என்று நினைக்க வேண்டாம். ஊர் உலகத்துச் சாக்கடைகளில் ஓடும் பழுப்பு எலியின் வெளுத்த வாரிசுதான் அது. ராட்டஸ் நார்வெஜிகஸ் என்பதுதான் இரண்டுக்கும் அறிவியல் பெயர். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஒரு ஈற்றில் சாதாரணமாக 8 முதல் 12 குட்டி இருக்கும். பதினைந்தைத் தாண்டுவதும் உண்டு, ஆனால் தாய்க்கு இருப்பது 12 காம்புதான். முதல் ஈற்றில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும், அடுத்தடுத்த ஈற்றுகளில் ஏறும், வயதானால் மறுபடி இறங்கும். பிறக்கும்போது குட்டிக்கு மயிர் இருக்காது, கண் திறந்திருக்காது. ஐந்தாறு கிராம் எடையில் ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டு கிடக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் பால் மறக்கும். ஐந்தாறு வாரத்தில் அந்தக் குட்டியே சினைக்குத் தயார்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் தாய் எலி மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். ஆண் எலி அதே டப்பில் இருந்தால் அன்றைக்கே மறுசினை. மடியில் பத்து குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் அடுத்த பத்து வளரும். பால் கொடுக்கிற தாய்க்குப் பிரசவம் சில நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, ஒரு ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒரு ஈற்று? போட்ட குட்டி எப்போது குட்டி போடும்?

பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு ஆணும் இரண்டு பெண்ணும் இன்று ஒரு டப்பில் சேர்கின்றன. ஈற்றுக்குப் பத்து குட்டி, அதில் பாதி பெண் என்று வைத்துக்கொள்வோம். 22-ஆம் நாள் 20 குட்டி. 45-ஆம் நாள் இன்னும் 20. 67-ஆம் நாள் மறுபடி 20. அந்த நேரத்தில் முதல் ஈற்றில் பிறந்த பத்துப் பெண்களும் வயதுக்கு வந்து சினை பிடித்திருக்கும். 90-ஆம் நாள் வாக்கில் தாய்கள் 20 போட, அந்தப் பத்தும் முதல் ஈற்று என்பதால் எட்டெட்டாக 80 போடும். டப்பில் இப்போது 163. 112-ஆம் நாள் தாய்கள் 20, மூத்த மகள்கள் 100, இரண்டாம் ஈற்றில் பிறந்த மகள்கள் 80. கூட்டிப் பார்த்தால் 363. நான்கு மாதம்கூட முடியவில்லை. நாள் ஒரு வாரம் முன்பின் ஆகட்டும், பாதி செத்தே போகட்டும், மிச்சம் 180. உங்கள் அறையோ பத்துக்குப் பத்து. அதில் நாலு பேர் ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்குகிறீர்கள்.

நாலைந்து வாரத்தில் ஆண், பெண்ணைப் பிரித்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். குட்டியைக் கையில் எடுத்து வாலடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிறுநீர்த் துவாரத்துக்கும் மலத் துவாரத்துக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் ஆண், நெருங்கி இருந்தால் பெண். மூன்று வாரக் குட்டியில் அது சில மில்லிமீட்டர் வித்தியாசம். கையில் நெளியும், நழுவும், கடிக்கும். பக்கத்தில் இன்னொரு குட்டியை வைத்து ஒப்பிட்டால்தான் பிடிபடும். நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கண் எரிய வந்து, இப்படி நாற்பது குட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெண் டப்பில் ஒரே ஒரு ஆண் தப்பி விழுந்தால் போதும், சில வாரங்களிலேயே டப் முழுக்கக் குட்டி.

தீனிச் செலவைப் பார்ப்போம். வளர்ந்த எலி நாளைக்கு 15 முதல் 20 கிராம் தின்னும். நூறு எலிக்கு மாதம் 45 கிலோவுக்குக் குறையாது. மெஸ்ஸில் மிஞ்சிய சோறு போதும் என்பது தவறு. சினையும் பாலுமாக இருக்கிற தாய்க்குப் புரதம் வேண்டும். அது கிடைக்காமல் போனாலும், இடம் நெருக்கினாலும், சும்மா சும்மா கையை விட்டுத் தொந்தரவு செய்தாலும் தன் குட்டியைத் தானே தின்றுவிடும். காலையில் பத்து இருந்த இடத்தில் மாலையில் ஆறு இருக்கும், ஒன்றுக்குப் பாதி உடல் மட்டும் மிச்சம் இருக்கும். அதைப் பார்த்துத் தாங்கிக்கொள்ள எல்லோராலும் முடியாது.

மூத்திரம் இன்னொரு கொடுமை. நூறு எலி சேர்ந்தால் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் பெய்யும். ஜன்னல் சரியாக இல்லாத அறையில் அந்த அமோனியா நெடி முதலில் எலியின் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், பிறகு உங்கள் கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே, படப்பையில், நச்சியல் ஆய்வு நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. அப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்கள் சோதனைக்கு எலி வைத்துக்கொள்ள வேண்டுமானால், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவிடம் பதிவு செய்தாக வேண்டும். அந்தக் குழுவின் வழிகாட்டுதல்படி எலி அறையின் வெப்பம் 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே நம் அறை எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். எலிக்கு மனிதனைப் போல வியர்க்காது. வாலாலும் காதாலும் சூட்டை வெளியேற்றப் பார்த்து, முடியாமல், சுருண்டு செத்துப்போகும்.

சரி, எல்லாம் நன்றாகவே நடக்கிறது, யார் வாங்குவார்கள்? வளர்ந்த பந்து மலைப்பாம்புக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு எலி போதும். மாதம் நூறு எலி விற்க வேண்டுமென்றால் முப்பத்தைந்து, நாற்பது பாம்புக்காவது நீங்கள் வாடிக்கையாகத் தீனி கொடுக்க வேண்டும். அத்தனை பேரை எங்கே தேடுவீர்கள்? கிடைத்தாலும் அவர்களில் எத்தனை பேரிடம் காகிதம் சரியாக இருக்கும்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதியும் வந்துவிட்டது. பந்து மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத்துறை பிடித்தது. நம் ஊர் மலைப்பாம்பு, நல்லபாம்பு, சாரை இவற்றை யாரும் வீட்டில் வளர்க்கவே முடியாது. முகம் காட்டாமல் இருட்டில் வந்து எலி வாங்கிப் போகிறவருடைய வழக்கில் நாளை உங்கள் போன் நம்பரும் சேரும்.

எலிக்கும் சட்டம் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், வேடிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொன்றுக்கு இரையாக அடைத்து வைப்பதும் குற்றம்தான். உயிரோடு எலியைப் பாம்புப் பெட்டிக்குள் விட்டு வீடியோ எடுக்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அப்படி விட்ட எலியைப் பாம்பு பசியில்லாமல் விட்டுவைத்தால், இரவோடிரவாக அந்த எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும்.

இனி நோய். என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான்.

எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலி வாடாது, இளைக்காது, நன்றாகத் தின்று ஓடியாடும், ஆனால் மூத்திரத்தில் மாதக்கணக்கில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். என் எலி கடையில் வாங்கிய சுத்தமான வெள்ளை எலி என்று சொல்லித் தப்ப முடியாது. தீனி வாசனைக்கு வீட்டெலியும் பெருச்சாளியும் தேடி வரும். டப்பின் மேல் ஏறி, வலையின் மேல் மூத்திரம் பெய்யும். கிருமி இறங்கி உங்கள் எலிக்குள் குடியேறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தாழ்வான தெருக்களில் மழைத் தண்ணீர் தேங்கும்போது, டப்பைக் கழுவி ஊற்றிய தண்ணீரும் அதில் கலந்திருக்கும். சேஃப்டி ஷூ கடித்த புண்ணோடு அதில் கால் வைக்கிறவர் பக்கத்து அறைக்காரராகவும் இருக்கலாம், தண்ணீரில் விளையாடும் ஹவுஸ் ஓனர் பேரக் குழந்தையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் சதையில் தொட்டால் உயிர் போகிற வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் குணமாகும். டெங்கு என்றோ வைரல் என்றோ நினைத்து மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் எலி வளர்த்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு அமெரிக்காவில் கண்கூடான சாட்சி இருக்கிறது. 2016 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தில் வீட்டிலேயே எலி வளர்த்து விற்ற ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். சோதித்தபோது சியோல் வைரஸ். ஹான்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, எலியால் பரவும் கிருமி. அவர் எங்கே எலி வாங்கினார், யாருக்கு விற்றார் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் தேடத் தேட, 11 மாநிலங்களில் 31 எலி வளர்ப்பிடங்கள் வரை போனது. 17 பேருக்குத் தொற்று உறுதியானது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. பிரிட்டனில் செல்லப் பாம்புகளுக்குத் தீனியாக வந்த உறைந்த சுண்டெலிகளிலிருந்து சால்மோனெல்லா பரவி, சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. ஹான்டா குடும்பத்தின் தொட்டபாளையம் வைரஸ் 1964-இல் நம் வேலூரில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான்.

விற்க முடியாமல், தீனி போட முடியாமல், நாற்றம் தாங்காமல் ஹவுஸ் ஓனர் சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்? ராத்திரியில் டப்பைத் தூக்கிப்போய் சிப்காட் மழைநீர்க் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ கவிழ்க்கத்தான் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலானவை நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும், தப்பியவை குடோனுக்குள் போகும். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். கேபிளைக் கொறித்தால் ஷார்ட் சர்க்யூட், தீ. இதே மாவட்டத்து வயல்களில் வளை தோண்டி எலி பிடித்து நெல்லைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் நம் இருளர் மக்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துவந்ததை நாம் ஒரே இரவில் பெருக்கிவிடக் கூடாது.

மருந்து வைத்துக் கொன்றுவிடலாம் என்ற எண்ணமும் வரும். அது இன்னும் மோசம். 2024 நவம்பரில் இங்கே குன்றத்தூரில், எலித் தொல்லைக்காக வீட்டில் வைத்த மருந்தின் நச்சுக்காற்றைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோரும் மருத்துவமனையில் கிடந்தார்கள். அடைத்த அறையில் எலி மருந்து எத்தனை ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இன்னும் தொடங்காதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தொடங்காதீர்கள். ஒரு வார ஓ.டி. பணத்துக்கு ஈடாகாத வருமானம் இது.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடி வைத்த கையோடு, ஆண் எலிகளை வேறு டப்புக்கு மாற்றுங்கள். இப்போது சினையாக இருப்பவை போடத்தான் போடும், அதற்கு மேல் பெருகாது. நாலு வாரம் ஆன குட்டிகளையும் அப்படியே பிரியுங்கள். பிரிக்கத் தெரியவில்லை என்றால், மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால், பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் வெட்கப்படாமல் கேளுங்கள். டப் கழுவும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்துத் துடையுங்கள். சமைக்கிற, படுக்கிற இடத்தில் டப் இருக்கவே கூடாது. கடித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களே என்றும் பார்க்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையமோ, இ.எஸ்.ஐ. மருந்தகமோ, எங்கே போனாலும் சரி, டாக்டர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்: “சார், நான் ரூமில் எலி வளர்க்கிறேன்.”