புளிப்பை அளக்கக் கருவி உண்டு; கலப்படம் பிடிபடுமா?

புது தில்லி: உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் உற்பத்தியான பால் 23.93 கோடி டன். இதில் பெரும்பகுதி, ஓரிரண்டு மாடுகளையோ எருமைகளையோ நம்பி வாழும் சிறு விவசாயிகளின் கொட்டில்களிலிருந்து வருகிறது. அந்தப் பால் குளிரூட்டு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கும் எண்களில் ஒன்று அமிலத்தன்மை. அது அளவுக்கு மேல் இருந்தால் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கேன் திருப்பி அனுப்பப்படும்; அல்லது விலை குறைக்கப்படும்.

அந்த எண்ணை இதுநாள் வரை பெரும்பாலும் மனிதக் கண்ணே தீர்மானித்து வந்தது. 10 மில்லி பாலில் சில துளி பினாப்தலீன் சேர்ப்பார்கள். பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பால் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறி நிற்கும் இடத்தில் நிறுத்தி, செலவான கரைசலைக் கணக்கிடுவார்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் செய்யும் அதே தரம்பார்த்தல் முறைதான்.

எந்த இளஞ்சிவப்பு சரியான இளஞ்சிவப்பு என்பதில்தான் சிக்கல். கரைசல் வெறும் 0.2 மில்லி, அதாவது சுமார் நான்கு சொட்டு கூடினாலே, அமில அளவு கிட்டத்தட்ட 0.018 சதவீதம் உயர்ந்துவிடும். சாதாரணமாக 0.14 சதவீதம் காட்டும் நல்ல பால், அந்த நான்கு சொட்டால் 0.16ஐ நெருங்கிச் சந்தேகத்துக்கு ஆளாகும். வெள்ளைப் பாலிலேயே இந்த நிலை என்றால் திராட்சைச் சாறு, கோலா பானம், தக்காளி சாஸ் போன்றவற்றில் நிற மாற்றத்தைக் காண்பதே கடினம்.

கண்ணுக்குப் பதில் மின்முனை

தானியங்கி டைட்ரேட்டர் என்ற கருவி இந்த இடத்தில்தான் நுழைகிறது. இதில் நிறத்துக்கு வேலை இல்லை. மாதிரியில் மூழ்கியிருக்கும் மின்முனை, பிஎச் அளவை இடைவிடாது கவனிக்கிறது. மோட்டாரால் இயங்கும் பியூரெட், முதலில் வேகமாகவும் முடிவை நெருங்கும்போது மிக நுண்ணிய அளவிலும் கரைசலைச் செலுத்துகிறது. பழச்சாறு, பால் போன்றவற்றில் பிஎச் 8.2ஐ ஒட்டிய ஒரு புள்ளியை எட்டியதும் கருவி தானாக நின்று, கணக்கிட்டு, நேரத்துடன் பதிவு செய்கிறது. பரிசோதித்தவர் யார், மாதிரி எது, முடிவு என்ன என்பது காகிதத்தில் நிற்கிறது. பின்னர் தகராறு எழுந்தால் எடுத்துக்காட்ட ஓர் ஆதாரம் இருக்கிறது.

பாலோடு முடிவதில்லை இதன் பயன். இந்தியச் சட்டப்படி வினிகரில் அசிட்டிக் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தேனில் அமிலத்தன்மை, பார்மிக் அமிலக் கணக்கில், 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கோதுமை மாவு பழசாகிவிட்டதா என்பதைக்கூட அதன் அமில அளவே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வரம்புக்கும் பின்னால் இருப்பது இதே தரம்பார்த்தல்தான்.

கருவியும் தவறும்

ஆனால் கருவி வாங்கிவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்று எண்ணுவது பிழை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி நாளடைவில் வலுவிழக்கும். வலுவிழந்த கரைசல் அதிகம் செலவாகும். அதனால் பாலில் இல்லாத அமிலத்தையும் இருப்பதாகக் கருவி காட்டும். நட்டம் விவசாயிக்கு. பாலின் கொழுப்பும் புரதமும் மின்முனையில் படிந்தால் அது தாமதமாகப் பதில் சொல்லும். கரைசலின் வலுவை அடிக்கடிச் சரிபார்ப்பதும் மின்முனையை ஒப்பீட்டுக் கரைசல்களில் சோதிப்பதும் அன்றாட வேலைகள். செய்யத் தவறினால், துல்லியம் என்ற பெயரில் தவறே அச்சாகி வரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கறந்த உடனே சோதித்த பாலும், அதில் லாக்டிக் அமிலம் உருவாகாத நிலையிலேயே, ஓரளவு அமிலத்தன்மை காட்டும். அதன் புரதமும் பாஸ்பேட்டுகளுமே காரணம். புரதம் மிகுந்த எருமைப்பாலில் இந்த இயல்பான அளவு சற்றுக் கூடுதலாக இருக்கும். பசும்பாலுக்கு வகுத்த வரம்பை அப்படியே எருமைப்பாலுக்கும் பொருத்தினால், வட மாநிலங்களின் எருமை வளர்ப்போரே பாதிக்கப்படுவர்.

புளிப்பை மறைக்கும் சோடா

எல்லாவற்றையும்விடப் பெரிய சவால் மோசடி. புளிக்கத் தொடங்கிய பாலில் சமையல் சோடாவையோ காஸ்டிக் சோடாவையோ கலந்தால் அமிலம் முறிந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த டைட்ரேட்டராக இருந்தாலும் அதை நல்ல பால் என்றே சான்று தரும். புளிப்பு மறைந்தாலும், பாலைப் புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் மறைவதில்லை. இதைப் பிடிக்க ரோசாலிக் அமிலச் சோதனையும், பாலை எரித்துச் சாம்பலின் காரத்தன்மையை அளக்கும் முறையும் உள்ளன. அமில அளவு இயல்புக்கு மாறாகக் குறைவாக இருந்தால் இந்தச் சோதனைகளுக்கு அனுப்ப வேண்டும் என்ற விழிப்பு, கருவியை இயக்குபவரிடம் இருக்க வேண்டும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நடத்திய இரு ஆய்வுகள், பால் விவாதம் எப்படித் திசைமாறும் என்பதைக் காட்டுகின்றன. 2011இல் எடுக்கப்பட்ட 1,791 மாதிரிகளில் 68.4 சதவீதம் தர வரம்புக்கு உட்படவில்லை என்ற முடிவு நாடெங்கும் அதிர்வை ஏற்படுத்தியது. தண்ணீர் கலந்ததும் கொழுப்பு, திடச்சத்துக் குறைவும் அதில் முக்கியக் காரணங்கள். 2018இல் 6,432 மாதிரிகள் சோதிக்கப்பட்டபோது, உயிருக்குக் கேடான கலப்படம் கண்டறியப்பட்டது வெறும் 12இல். அமிலத்தை முறிக்கும் பொருள் இருந்தது ஒன்றில் மட்டுமே. ஆனால், 5.7 சதவீத மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்பை மீறியிருந்தது. அதிக பாதிப்புள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. தீவனத்தின் வழியே வரும் இந்த நச்சை, அமிலத்தை அளக்கும் எந்தக் கருவியாலும் காண முடியாது.

எங்கே வைப்பது?

சட்டத்தில் ஓட்டை இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட வேண்டும். உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். ஆனால் பால் 14 நாள் காத்திருக்காது. கெடாமல் இருக்க அதில் பார்மலின் சேர்க்கிறார்கள். பார்மலினோ பாலின் புரதத்துடன் வினைபுரிந்து அமில அளவையே மாற்றிவிடும் இயல்புடையது. ஆகவே பாலின் புளிப்பைத் தொலைதூர ஆய்வுக்கூடத்தில் நம்பகமாக அளக்க இயலாது. பால் கைமாறும் இடத்தில், விவசாயி பார்க்கும்போதே அளக்க வேண்டும்.

ஆய்வுக்கூடங்களின் நிலையும் நம்பிக்கை தருவதாக இல்லை. 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 72 மாநில உணவு ஆய்வுக்கூடங்களில் 65க்குத் தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் சான்று இல்லை என்று சுட்டிக்காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 ஆகஸ்டில்தான், பால் கலப்படம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கடுமையாக்குவது பற்றி மத்திய, மாநில அரசுகளுக்கு வலியுறுத்தியிருந்தது. ஆயுள் தண்டனை குறித்த பேச்சு தலைப்புச் செய்தியானது. அங்கீகாரம் பெறாத ஆய்வுக்கூடங்கள் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நம்பகமான அளவீடு இல்லாத இடத்தில், எவ்வளவு கடுமையான தண்டனையும் நீதிமன்றத்தில் நிற்காது.

சில லட்சம் ரூபாய் விலையுள்ள கருவியைக் குளிரூட்டு நிலையத்தில் வைப்பது பெரிய செலவல்ல. அதைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஊழியர், சரிபார்த்த நாளைக் காட்டும் பதிவேடு, முடிவை எதிர்த்து அங்கேயே மறுசோதனை கேட்கும் உரிமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு. இவை இல்லாவிடில், ஊழியரின் கண்ணுக்குக் கட்டுப்பட்டிருந்த விவசாயி இனி இயந்திரத்தின் திரைக்குக் கட்டுப்படுவார். கேன் மட்டும் முன்போலவே திரும்பிச் செல்லும்.