எமிகிரேஷன், இமிகிரேஷன்: வேறுபாடு அறிவோம்

 

மழைக்காலம் வந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். வளைகுடாவுக்குப் போகலாமா என்ற பேச்சு இரும்பைப் பக்கத்து வீடுகளிலும் எழும். அப்படிப் போக நினைப்பவர்கள் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது.

எமிகிரேட் என்றால் ஒரு நாட்டை விட்டு வெளியேறிப் போவது. இமிகிரேட் என்றால் ஒரு நாட்டுக்குள் வந்து குடியேறுவது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த ஸஹாபாக்களை நினைத்துப் பாருங்கள். பயணம் ஒன்றுதான். மக்காவிலிருந்து பார்த்தால் அது எமிகிரேஷன். மதீனாவிலிருந்து பார்த்தால் இமிகிரேஷன்.

இலக்கணமும் இதையொட்டியே அமையும். எமிகிரேட் என்பதற்குப் பின் 'ஃப்ரம் இந்தியா' என்று வரும்; இந்தியாவிலிருந்து என்று பொருள். இமிகிரேட் என்பதற்குப் பின் 'டு கனடா' என்று வரும். கனடாவுக்கு என்று பொருள். போகிறவர் எமிகிரன்ட், வருகிறவர் இமிகிரன்ட். எழுத்துக் கூட்டும்போது முன்னதில் 'எம்' ஒன்று, பின்னதில் இரண்டு. முன்னது 'எக்ஸிட்', பின்னது 'இன்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

இனி, நாம் ஏமாறும் இடம். விமான நிலையத்தில் போகும்போதும் வரும்போதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது இமிகிரேஷன் பிரிவு. அது உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தது. எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்பது வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வழங்கப்படும் அனுமதி அது. பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று இருப்பவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இது கட்டாயம். உம்ராவுக்கும் சுற்றுலாவுக்கும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் இ.சி.ஆர். இல்லாத பாஸ்போர்ட் பெறலாம்.

"விசிட் விசாவில் போய்விடுங்கள், இமிகிரேஷனில் விட்டுவிடுவார்கள்" என்று சில ஏஜென்டுகள் சொல்வார்கள். முத்திரை விழுந்துவிட்டால் எமிகிரேஷன் கிளியரன்ஸ் கிடைத்துவிட்டதாக ஆகாது. கிளியரன்ஸுடன் போகிறவருக்கு வேலை ஒப்பந்தம் அரசின் பதிவில் இருக்கும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் போய் வேலை செய்பவருக்கு இவை எதுவும் இல்லை. பிடிபட்டால் தண்டனையும் உண்டு.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பணம் கட்டும் முன், அவருடைய பதிவு எண்ணை அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் சரிபாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் பாஸ்போர்ட்டுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்; உடனிருந்து பார்த்துத் தருகிறோம்.

ஹலாலான ரிஸ்கைத் தேடிப் புறப்படும் நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.