கறுப்பு நாற்காலியின் கவிஞர்

வேல்ஸ் நாட்டு மக்களால் ஹெத் வின் என்ற புனைபெயரில் போற்றப்படும் எல்லிஸ் எவன்ஸ், வடக்கு வேல்ஸின் ட்ராவ்ஸ்வனித் பகுதியில் 1887 ஜனவரி 13 அன்று பிறந்து, பதினான்கு வயதளவில் பள்ளிப்படிப்பை நிறுத்திக் குடும்பப் பண்ணையில் ஆடு மேய்த்தபடியே கவிதை பயின்றவர். அவர் வல்லவராக விளங்கிய 'ஆவ்துல்' என்னும் நெடும்பாடல் வடிவம், ஒவ்வோர் அடியிலும் மெய்யொலிகளும் இயைபும் வகுத்த ஒழுங்கில் திரும்பி வரவேண்டும் என்ற கடும் யாப்புக் கட்டுப்பாட்டைக் கொண்டது. தமிழின் மோனை, எதுகைத் தொடைகளை அறிந்தவர்களுக்கு அதன் அருமை எளிதில் விளங்கும். இத்தகைய மரபுப் பாடலில் முதலிடம் பெறுபவருக்குச் செதுக்கு வேலைப்பாடு மிக்க நாற்காலியைப் பரிசளித்து அதில் அமர்த்துவது, 'ஐஸ்தெத்வோத்' எனப்படும் வேல்ஸ் கலைவிழாவின் உயரிய மரபாகும்.

உள்ளூர் விழாக்களில் ஐந்து நாற்காலிகளை வென்றிருந்த அவர், முதல் உலகப் போரின்போது, தம்பி படைக்குச் செல்ல நேராதிருக்கத் தாமே 1917இல் சேர்ந்தார். முகாம் வாழ்க்கையின் நெருக்கடியிலும், 'வீரன்' என்னும் பொருள் தரும் தலைப்பிலான பாடலை முடித்துத் தேசிய விழாவுக்கு அனுப்பியது வியக்கத்தக்க உழைப்பு. ஜூலை 31 அன்று, பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர் தொடங்கிய நாளிலேயே, முப்பது வயதில் அவர் உயிரிழந்தார். செப்டம்பர் 6 அன்று பெர்கன்ஹெட்டில், பிரதமர் லாய்ட் ஜார்ஜ் முன்னிலையில் வெற்றியாளரின் புனைபெயர் அழைக்கப்பட்டபோது எவரும் எழவில்லை. இறப்புச் செய்தி அறிவிக்கப்பட்டு, நாற்காலி கறுந்துணியால் மூடப்பட்டது. பெல்ஜிய அகதியான யூஜீன் வான்ஃபிளெட்டரன் செதுக்கிய அந்த நாற்காலி இன்று, 2012இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் வாங்கிய கவிஞரின் பண்ணை வீட்டில் பாதுகாக்கப்படுகிறது.